கல்யாணம் முடியும் வரை

"வீட்டுக்காரி வச்ச மருந்துக்கு ஆஸ்பத்திரி மருந்து கேக்குமாக்கும்!"

வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த ராக்காயியின் கை அப்படியே நின்றது. மணியன் மறுபடியும் செம்போடு கொல்லைப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, மாமியார் பாப்பம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொன்ன சொல் அது.

புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள ராக்காயி சோற்றில் வசிய மருந்து கலந்துவிட்டாள், அதனால்தான் மகனுக்குச் சீதமும் ரத்தமுமாகப் போகிறது என்று பாப்பம்மாள் நம்பினாள். வில்பட்டியில் பாதிப் பேர் அதை நம்பினார்கள்.

"அப்படிப் பேசாதீங்க அத்தே... போன வருசம் டாக்டரம்மா குடுத்த மாத்திரையில நல்லாத்தான இருந்தாரு!"

"இருந்தான்... மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஊதிப்போயி இருந்தான்! இப்ப அந்த மாத்திரை எங்கடி போச்சு?"

ராக்காயிக்கும் அதுதான் விளங்கவில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் வரைந்து காட்டிச் சொல்லியிருந்தார்: "பெருங்குடல் பூரா புண்ணும்மா. சொகமாயிருச்சுன்னு மாத்திரைய நிறுத்திடக் கூடாது. நிறுத்தினா திரும்பி வரும்... முன்னைவிட மோசமா வரும்." அன்றிலிருந்து ராக்காயி முட்டைக்கோசு மூட்டையைத் தலையில் சுமந்து விற்க டவுனுக்கு நடந்தாள். மழையோ பனியோ, மாத்திரை தீருமுன் வாங்கி வந்துவிடுவாள். மணியன் அதை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு பூண்டுக் காட்டுக்குப் போவான். சாயங்காலம் கேட்டால், "தின்னுட்டேன் புள்ள" என்பான்.

அந்த வாரக் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகைபோல் இறுகிப்போனது. காய்கறி லாரியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கூட்டம் சொந்தக்காரர்கள் கூடவே வந்து நின்றார்கள்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"மாத்திரைய எப்ப நிறுத்தினீங்க?"

ராக்காயி புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவளுக்கு விளங்கிவிட்டது. இத்தனை பேர் முன்னால், சாகக் கிடக்கிற மனிதன் பொய்யனாக நிற்பதா?

"நான்தாங்க... நான்தான் ஒழுங்காக் குடுக்கல."

"உங்கிட்டத்தானேம்மா அத்தனை தரம் சொன்னேன்!"

பாப்பம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பி மார்பில் அடித்துக்கொண்டாள். "கேட்டீங்களா... அவ வாயாலேயே ஒத்துக்கிட்டா! எம்புள்ளையக் கொல்லத்தான் வந்தாளா!"

சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மத்தியானம் வார்டில் தாயும் மகனும் மருமகளும் மட்டுமே இருந்தார்கள். மணியன் மெல்லக் கண் திறந்தான்.

"அம்மா... அவ மேல பழி போடாத. அவ சொன்னது பொய்யி."

"பேசாம இரு ராசா..."

"மன்னவனூர்லேருந்து நம்ம தங்கச்சி வள்ளியப் பொண்ணு பாக்க வந்தாங்களே... 'மூஞ்சி ஏன் இப்படி ஊதிக் கெடக்கு, இது வழிவழியா வர்ற சீக்கா'ன்னு மாப்பிள்ளையோட சித்தப்பா கேட்டாருல்ல? அன்னைக்கு நீதான என் கையப் புடிச்சுக்கிட்டு அழுத... 'வள்ளி கல்யாணம் முடியிற வரைக்கும் அந்த மாத்திரைச் சனியன நிறுத்துலே'ன்னு?"

பாப்பம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணம் முடிஞ்சதும் திங்கலாம்னுதான் நெனச்சேன். கல்யாணமும் முடிஞ்சுச்சு, மூஞ்சியும் வத்திருச்சு. ஒடம்பும் நல்லாத்தான் இருந்துச்சு. மாத்திரையக் கையில எடுத்தாலே, நீ சீக்காளி, சாகுற மட்டும் சீக்காளின்னு யாரோ சொல்ற மாதிரி இருக்கும் புள்ள... அத்தனையையும் ஓடையில போட்டேன். நீ நடந்து நடந்து வாங்கியாந்ததையெல்லாம்..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?" ராக்காயி அவன் கையை முகத்தோடு சேர்த்துக்கொண்டு விம்மினாள்.

"சொன்னா விட்டிருக்க மாட்டியே..."

பாப்பம்மாள் கட்டில் காலடியில் சரிந்தாள். "நான்தான்... பெத்த வயிறே எமனாப் போச்சே!" என்று கதறியபடி மருமகளைக் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியார் தன்னைத் தொட்டது அதுவே முதல்முறை என்று ராக்காயிக்குத் தோன்றியது.

குடல் ஓட்டையாகிவிட்டது, ஆபரேஷனுக்கு மதுரை போகும்வரை உயிர் தாங்காது என்றார் டாக்டரம்மா. மறுநாள் பொழுது சாயுமுன் மணியன் போய்விட்டான்.

காரியம் முடிந்த அன்று, பாச்சலூரிலிருந்து ராக்காயியின் அண்ணன் வேலப்பன் அவளை அழைத்துப்போக வந்தான். பாப்பம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாத தாயி. ஊரக் கூட்டி எல்லாத்தையும் சொல்லிடுறேன். என் மகன நான்தான் கொன்னேன்னு சொல்றேன்..."

"வேணாம் அத்தே." ராக்காயி குரலைத் தாழ்த்தினாள். "சொன்னா மன்னவனூருக்கு எட்டாதா? அவருக்கு நெடுநாளாச் சீக்கு, மறைச்சுத்தான் பொண்ணக் குடுத்தோம்னு தெரிஞ்சா வள்ளிய வச்சிருப்பாங்களா? முழுகாம வேற இருக்கா... தன் கல்யாணத்துக்காகத்தான் அண்ணன் செத்தான்னு தெரிஞ்சா அந்தப் புள்ள தாங்குமா? நான் மருந்து வச்சதாவே இருக்கட்டும்."

"ஐயோ... உன்னைய எப்படித் தாயி அப்படி விடுவேன்!"

"அவரு எதுக்காகச் செத்தாரோ, அதாவது நெலைக்கட்டும்."

துணி மூட்டையோடு அவள் வாசலுக்கு வந்தாள். தெருவில் பெண்கள் கூடி நின்றார்கள். "மருந்து வச்சவ போறா" என்று ஒருத்தி காறித் துப்பினாள். பாப்பம்மாள் வாயைத் திறந்தாள். ராக்காயி திரும்பிப் பார்த்ததும், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் சாவுக்கு வந்திருந்த வள்ளி நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். அழுது அழுது அவள் முகம் சிவந்திருந்தது.

"வள்ளி... வெள்ளனே சாப்பிடு தாயி. வெறும் வயித்தோட இருக்காத. நான் வாரேன்."

வள்ளி அவளைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராக்காயி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அண்ணனுக்குப் பின்னால் நடந்தாள்.