மூன்று சத்தம் போதும்

வண்டியில் ஏறியதிலிருந்து அம்மா ஒருமுறைகூட மூக்கைப் பொத்தவில்லை.

அதுதான் பின் இருக்கையில் இருந்த மகளுக்கு முதலில் உறுத்தியது. பதினைந்து வயதுக்கு அவளுக்கு அம்மாவைப் பற்றி வேறு என்ன தெரியுமோ தெரியாதோ, இது தெரியும்: பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒற்றை முடி கிடந்தாலும் அம்மாவுக்கு ஓங்கரிக்கும். முட்டை உடைத்த கிண்ணத்தைத் தனியாகக் கழுவ வைப்பாள். அடுத்தவர் கடித்த பழம் மேசையில் இருந்தால் அந்தப் பக்கமே வரமாட்டாள். இப்போது உயிரியல் பூங்காவின் நாற்றம் மொத்தமும் வண்டிக்குள் அடைந்து கிடந்தது. தம்பியின் செருப்பில் அப்பிய சாணம், எல்லார் துணியிலும் ஏறியிருந்த ஈர ரோம வாடை, இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று, வெயிலில் மறந்துபோன இறைச்சியின் இனிப்பு நாற்றம். அப்பாகூடக் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார். அம்மா முன் இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, உனக்கு நாறல?"

அம்மா திரும்பவில்லை.

"விடுடி, காலைலேர்ந்து நடந்திருக்கா. அசதியா இருக்கும்," என்றார் அப்பா.

"என் செருப்புதான் ரொம்ப நாறுது. மோந்து பாக்கறியா?" தம்பி காலைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். ஏழு வயது. வீட்டில் அவனுக்கு உருண்டை என்று பெயர்.

அவள் காலைத் தட்டிவிட்டாள். பார்வை அம்மாவின் பின்கழுத்திலேயே இருந்தது.

பூங்காவில் அவர்கள் கடைசியாகப் பார்த்தது கழுகுக் குஞ்சுகளை வளர்க்கும் அறை. ஒரு மரச்சுவர், அதில் சதுரமாக ஓர் ஓட்டை, ஓட்டையின் மேல் கறுப்புத் துணி. சுவருக்கு அந்தப் பக்கம் வெளிச்சமான கூண்டில் மூன்று பிணந்தின்னிக் கழுகுக் குஞ்சுகள், தோல் உரித்தது போல இளஞ்சிவப்பாக, வயிறு மட்டும் பெருத்து. இவர்கள் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். குஞ்சு வளர்ப்பவர் முழங்கை வரை ஒரு தோல் உறையை மாட்டிக்கொண்டார். உறையின் முனையில் தாய்க் கழுகின் தலை. மொட்டைக் கழுத்து, வளைந்த அலகு, இரண்டு கண்ணாடிக் கண்கள். அந்த அலகை ஒரு வாளிக்குள் விட்டுக் கிளறினார். எலியைத் தோலோடும் எலும்போடும் அரைத்த கூழ். சாம்பலும் சிவப்புமாக, நடுநடுவே மயிர். பிறகு துணியை விலக்கி, அந்தத் தலையை ஓட்டை வழியே குஞ்சுகளிடம் நீட்டினார்.

"பெத்தது செத்துப்போச்சு," என்றார் அவர். "மனுஷ மூஞ்சியப் பாத்து வளந்துதுன்னா காலத்துக்கும் மனுஷன் பின்னாடியே சுத்தும். அதான் இப்படி."

"கண்டுபிடிச்சிடாதா?" என்றான் தம்பி.

"பசிக்கிற குஞ்சு கண்ணப் பாக்காது ராஜா. வாயத்தான் பாக்கும்."

"குரலுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டது அவள்தான்.

அவர் இடுப்பில் இருந்த சின்னப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "பதிஞ்சு வெச்சிருக்கோம். மூணு சத்தம் போதும். வான்னு ஒண்ணு, சாப்பிடுன்னு ஒண்ணு, தூங்குன்னு ஒண்ணு. தாய்க்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

"எங்க வீட்டுல நாலாவதா ஒண்ணு இருக்கு. ‘சார்ஜர எங்க வெச்சீங்க.’" அப்பா சொன்னதும் அம்மா அவர் தோளில் ஓர் அடி போட்டாள். "உருண்ட, உன்னையும் இப்படித்தான்டா வளத்தோம். நீதான் கவனிக்கல," என்று அப்பா அவனையும் விடவில்லை. அம்மா சிரித்தாள். அப்போது ஒரு குஞ்சு தின்றதைக் கக்கியது. பக்கத்துக் குஞ்சு அதை அப்படியே விழுங்கியது. அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஐயோ, எனக்குக் கொமட்டுது. மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன்."

"உள்ள கொழா இருக்கும்மா. அந்தத் துணிக்குப் பின்னாடி," என்று அவர் அறையின் மூலையைக் காட்டினார். அங்கே இன்னொரு கறுப்புத் துணி ஆள் உயரத்துக்குத் தொங்கியது.

கால் மணி நேரம் கழித்து அம்மா வெளியே வந்தாள். முகத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"வா," என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா வேறு எதுவும் பேசவில்லை என்பது, வண்டி வீட்டு வாசலில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அம்மா நேராகச் சமையலறைக்குள் போனாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவு சாத்திக்கொண்டது. மிக்ஸி ஓடத் தொடங்கியது. வழக்கமாக அரை நிமிடத்தில் நின்றுவிடும். இன்று நிற்கவில்லை. கெட்டியாக ஏதோ பிளேடில் மாட்டி மாட்டி உடையும் சத்தம், பிறகு கொழகொழவென்று சுழலும் சத்தம், மறுபடி உடையும் சத்தம். மேசையில் தட்டு எடுத்து வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே பாத்திரம் நீட்ட ஒரு திறப்பு உண்டு. அதற்குத் திரை கிடையாது. இன்று இருந்தது. அம்மாவின் கறுப்புத் துப்பட்டா.

"அப்பா, அங்க பாருங்க."

"பசிக்குதுடி," என்றார் அப்பா. அவர் பார்வை திறப்பைவிட்டு அகலவில்லை. நாற்காலி நுனியில், கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார். தம்பியும் அப்படித்தான்.

மிக்ஸி நின்றது. அந்த நாற்றம் வந்தது. இனிப்பாக. கெட்டியாக. நாக்கில் படிகிற மாதிரி.

"சாப்பிடு," என்றது அம்மாவின் குரல்.

துப்பட்டா விலகியது. அம்மாவின் தலை மட்டும் திறப்பு வழியே மேசைப் பக்கம் வந்தது. நிற்கிற ஆளின் தலை அந்த உயரத்தில் இருக்காது. அந்தச் சாய்விலும் இருக்காது. கன்னங்கள் உப்பியிருந்தன. உதட்டோரம் சாம்பல் நிறத்தில் ஏதோ வழிந்து, தாடையில் தொங்கி, மேசையில் சொட்டியது. அதில் மயிர் இருந்தது.

அவள் கண்ணைப் பார்த்தாள். கண்ணை மட்டும். அது இமைக்கவே இல்லை.

தம்பி களுக்கென்று சிரித்தான். பிறகு நாற்காலியில் ஏறி நின்று வாயைப் பிளந்தான். தலை குனிந்தது. அம்மாவின் வாய் அவன் வாயை முழுசாக மூடியது.

"உருண்ட! துப்பு! துப்புடா!"

அவள் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவன் வாயைத் துடைக்காமல் அவளைப் பார்த்தான். மோவாய் முழுக்கக் கூழ். பல்லிடுக்கில் ஒரு சின்ன நகம்.

"நல்லா இருக்குக்கா."

அப்பா அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

அம்மாவை வெளியே இழுத்துவிட வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் தோன்றியது. அம்மா உள்ளேதான் இருக்கிறாள். ஏதோ உடம்பு சரியில்லை. பிடித்து இழுத்தால் வந்துவிடுவாள். அவள் ஓடிப்போய்ச் சமையலறைக் கதவைத் தள்ளினாள்.

விளக்கு எரிந்தது. அடுப்பு சுத்தமாக இருந்தது. கொல்லைக் கதவு திறந்திருந்தது. வெளியே இருட்டு.

அம்மாவின் சுடிதார் கழுத்துக்குக் கீழே காலியாகத் தொங்கியது. முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது, தையல் பிரிந்த மாதிரி. அந்தப் பிளவுக்குள் ஒரு கை நுழைந்திருந்தது. ஈரமான கை. கொல்லை இருட்டிலிருந்து, வாசற்படி தாண்டி, தரையெல்லாம் கடந்து வந்த கை. எத்தனை முழங்கை என்று எண்ண ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

அம்மாவின் செருப்புகள் மிக்ஸியின் பக்கத்தில் இருந்தன. ஜோடியாக.

கை மெல்லத் திரும்பியது. திறப்பிலிருந்து தலை வெளியே வந்து அவள் பக்கம் நீண்டது. வாய் திறந்தது. உள்ளே தொண்டை வரை கூழ்.

கத்த வேண்டும். வாந்தி வர வேண்டும். வரும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வரவில்லை.

எச்சில் ஊறியது. நாக்கின் அடியில், கன்னத்தின் உள்ளே, நிறைய. நாற்றம் இல்லை. எங்கே போனது அந்த நாற்றம்? கண்ணைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். கண்ணைப் பார். கண்ணை.

முதுகுக்குப் பின்னால் அப்பாவும் தம்பியும் முட்டி மோதி வந்தார்கள். தம்பி கீச்சென்று கத்தினான்.

அவள் முழங்கையால் அவனைப் பின்னால் தள்ளினாள்.

கழுத்து தானாக நிமிர்ந்தது. வாய் திறந்தது.