துணிக்கடை ட்யூப்

அக்கா, குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே அப்பா கதவைத் தட்டவில்லை. தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

"திற கண்ணு. அம்மா சாப்பிடாம உக்காந்திருக்கா."

தப்பு என்னுடையதுதான். சாப்பாட்டு அறை ட்யூப் லைட் எரியாமல் போய்விட்டது. அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

கடைகளுக்கு விளக்கு அமைப்பதுதான் அவர் வேலை என்பது உனக்குத் தெரியும். நீ வெளியூர் போன பிறகு ட்யூப் பெட்டிகளின் மேல் எழுதி வைக்க ஆரம்பித்தார்: 'பழம்', 'கறி', 'துணி'. கறிக்கடைக்கு இளஞ்சிவப்பு வெளிச்சம். "மூணு நாள் ஆன கறிகூட இப்பதான் வெட்டின மாதிரி இருக்கும்டி" என்று சிரிப்பார். துணிக்கடைக்கு மட்டும் நிஜ நிறம் காட்டும் வெள்ளை. இல்லாவிட்டால் வாங்கியவர்கள் திரும்பி வந்து துணியை முகத்தில் எறிவார்களாம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக அவரே கூட்டிக்கொண்டு வந்தாரே, அன்றைக்கே வீடு முழுக்கக் 'கறி' ட்யூப்களையே மாட்டிவிட்டார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார். வெயில் பட்டால் அம்மாவுக்குத் தலை வலிக்கும் என்றார். அம்மாவைத் தனியாக விடக் கூடாது என்று என் பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினார். நீயும்தான் வீடியோ காலில் பார்த்தாய். "அம்மா கன்னத்தைப் பாரேன், என்னைவிட இளசா இருக்கா! நான் எதுக்குடி லீவு போட்டுட்டு ஓடி வரணும்?" என்றாய். நானும் இளித்துக்கொண்டு தலையாட்டினேன். அவள் பேச்சு தேய்ந்துகொண்டே வந்ததை, கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்போடு சேர்த்தே திரும்பியதை, ஜாடித் தண்ணீரில் அழுகிய பூத்தண்டுபோல் அறையில் எப்போதும் கிடந்த நாற்றத்தை, அதை அமுக்க அப்பா அடித்த எலுமிச்சை ஸ்பிரேயை, எல்லாவற்றையும் அந்தச் சிவந்த கன்னம் மறக்கடித்தது. பார்க்க நன்றாக இருந்தால் போதும் நமக்கு. வேறென்ன கேட்டோம்?

அவசரத்தில் பெட்டியில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. இருட்டில் ஸ்டூல்மேல் ஏறி மாட்டினேன். அம்மா வழக்கமான நாற்காலியில்தான் இருந்தாள். மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்விட்சைப் போட்டேன்.

வெள்ளை.

"அம்மா, வெளிச்சம் போதுமா?"

உடம்போடு திரும்பினாள்.

கன்னம் சாம்பல். காதிலிருந்து தோள்வரை பச்சையும் ஊதாவும். உதடு இருந்த இடத்தில் காய்ந்து பிளந்த கறுப்புக் கோடு. அது அசைந்தது.

"கண்ணு கூசுது. அணைச்சிடும்மா."

அம்மாவின் குரலேதான். அதே பாசம்.

அப்போது அப்பா உள்ளே வந்தார். அவளைப் பார்த்து அவர் அலறவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எந்தப் பெட்டியில இருந்து எடுத்த? எழுதி வெச்சிருக்கேன்ல? படிக்கத் தெரியாதா கழுதைக்கு?"

திட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தவர் நின்றுவிட்டார். என் முகத்தையே பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். ஓரடி பின்னால் போனார். பிறகு, எட்டு மாதமாக அம்மாவிடம் மட்டும் பேசும் அந்தக் குழைந்த குரலில்:

"உனக்கும் ஒண்ணுமில்லடா. அப்பா பாத்துக்கறேன்."

ஓடிவந்து இங்கே பூட்டிக்கொண்டேன்.

இங்கே மாட்டியிருப்பதும் இளஞ்சிவப்புதான். கண்ணாடியில் என் கன்னம் சிவந்திருக்கிறது. ரொம்ப அழகாக இருக்கிறேன். இதை எப்படி நம்புவது? நான் கடைசியாக வெயிலில் நின்றது எப்போது என்று யோசிக்கிறேன். நினைவில்லை. கடைசியாகப் பசித்தது எப்போது? அதுவும்.

கதவுக்கு அந்தப் பக்கம் சுரண்டுவது இப்போது நான்கு கைகள்.

அந்தக் கண்ணாடியை நம்ப முடியாமல்தான் லைட்டை அணைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, போன் ஃப்ளாஷில் என்னை ஒரு போட்டோ எடுத்தேன். நான் பார்க்கவில்லை. பார்க்காமலேயே உனக்கு அனுப்பினேன்.

பத்து நிமிஷம் ஆகிறது. நீ திறந்து பார்த்துவிட்டாய். நீலக் குறி விழுந்துவிட்டது.

ஏன்க்கா ஒன்றுமே எழுத மாட்டேன் என்கிறாய்?