மரக்குழலில் கேட்காதது

யெனோ மாமாவின் நெஞ்சில் சத்தமே இல்லை.

எமோகே குழலை இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளி வைத்துக் காதை அழுத்தினாள். ஈரக் கம்பளிச் சட்டையின் வாடையும், மத்தியானம் அவர் குடித்த மீன் சூப்பின் மிளகாய் வாடையும் மூக்கில் ஏறின. வெளியே டிராம் வளைவில் திரும்பும் கீச்சொலி, மாடிப்படியில் யாரோ பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும் ஓசை, எல்லாம் கேட்டன. குழலுக்குள் மட்டும், மூடி போட்ட கிணற்றின் மேல் காதை வைத்ததுபோல, ஒன்றுமில்லை.

"என்ன டாக்டரம்மா, இருக்கேனா, போயிட்டேனா?"

அவர் குரல் குழலுக்குள் கும்மென்று அதிர்ந்தது. ஆக, குழல் சரியாகத்தான் இருக்கிறது.

"பேசாம இருங்க மாமா. உங்க சட்டை தடிமன்."

"அலமாரியில நூறு வருஷம் தூங்கின கட்டை அது. அதுல கரையான் சத்தம் வேணா கேக்கும்" என்று துறையின் வாசற்காவலரான மாமா சிரித்துக்கொண்டே பொத்தானைப் போட்டார்.

'ஆள் பருமன். கேட்கவில்லை' என்று எழுதிக்கொண்டாள். காவலாளிகளும் கிழவர்களும் இப்படித்தான், ஒரு வேலைக்கும் உதவமாட்டார்கள் என்று நினைத்தாள்.

மருத்துவ வரலாற்றில் முதுகலை, இரண்டாம் பருவம். பேராசிரியர் கார்தோஷ் ஆளுக்கொரு பழைய கருவியும், அதைப் பயன்படுத்திய வைத்தியரின் குறிப்பேடும் கொடுத்து, மூன்று பேரிடம் சோதித்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார். எமோகேவுக்கு வந்தது பேரிமரத்தில் கடைந்த ஒரு சாண் நீளக் குழல், அந்தக் காலத்து ஸ்டெதாஸ்கோப். கூடவே, ராட்ஸ் என்ற கிராமத்து வைத்தியர் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறில் எழுதிய குறிப்பேடு.

அந்த ஆளை முதல் பக்கத்திலேயே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. சதுப்பு நிலத்து ஊரில் அட்டை விட்டு ரத்தம் எடுத்தே காலம் தள்ளியவர், எழுத்துப்பிழை வேறு. நடுவில் ஓரிடத்தில் எழுதியிருந்தார்: 'ஆலைக்காரர் மனைவி வந்தாள். காதை வைத்தேன். உள்ளே ஒன்றுமில்லை. ஏன் வெளுத்துப்போனீர்கள் என்று அவளே கேட்டாள்.' அடுத்த வாரம் ஆலைக்காரரிடமும் ஒன்றுமில்லை. பிறகு பாதிரியாரிடம். பிறகு பக்கங்கள் காலி.

எமோகே தன் கட்டுரைக்கு 'ஒரு செவிடரின் குறிப்பேடு' என்று தலைப்பிட்டிருந்தாள். காது போனதுகூடத் தெரியாமல் ஊரையே பிணமாக்கிய மூடர் என்று எட்டுப் பக்கம். எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் கிங்காவைக் கூப்பிட்டாள். கிங்கா அறைத்தோழி, வகுப்புத்தோழி; கொழுக்கட்டை தின்றுகொண்டே தேர்வுக்குப் படிப்பவள், எதையும் மனப்பாடம் மட்டுமே செய்யத் தெரிந்தவள் என்பது எமோகேயின் எண்ணம். முதல் சோதனை அவளிடம்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த நெஞ்சில் இதயம் திடும் திடுமென்று தெளிவாக அடித்தது.

"இன்னொரு தடவையா? கூசுதுடி."

"சும்மா நில்லு."

குழலை வைத்தாள். அடுப்பில் ஏதோ கொதித்தது. பக்கத்து வீட்டில் குழாய் திறந்து மூடியது. கிங்கா விழுங்கினாள், அந்த மடக் ஒலி மட்டும் வந்து போயிற்று. அதன் பின்னால் எதுவும் இல்லை. எமோகே அவள் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தாள். கிங்கா கையை உதறினாள்.

"உனக்குக் காது அடைச்சிருக்கு. போய் எண்ணெய் விட்டுக்கோ. நாளைக்கு வகுப்புல மானத்தை வாங்கிடாதே."

எமோகே அன்று சரியாகத் தூங்கவில்லை. தனக்குக் காது போய்விட்டது என்றே நம்பிக்கொண்டாள். அந்த நம்பிக்கை அவளுக்குத் தேவையாக இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குக் கட்டுரையை வாசித்தாள். குரல் நடுங்கிய இடங்களில் ஏளனத்தைக் கூட்டிக்கொண்டாள். கார்தோஷ் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

"அந்த மனுஷன் செவிடுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வேற என்ன சார் காரணம் இருக்க முடியும்?"

"ஓஹோ. இருநூறு வருஷம் கழிச்சுப் பொறந்ததால உங்களுக்கு எல்லாம் தெரியுமாக்கும். உங்க காது நல்லாக் கேக்குமா?"

வகுப்பு சிரித்தது. கிங்காதான் அதிகம் சிரித்தாள்.

"வாங்க. என்கிட்டயே வெச்சுப் பாருங்க."

கோட்டைத் திறந்தார். அவள் போனாள். குழலை வைத்தாள். இடப்பக்கம். நடுவில். முதுகில். மணிக்கட்டைத் தொட்டாள்; அவர் தடுக்கவில்லை. தோல் மேசைப்பலகை போலக் கிடந்தது.

ஒன்றுமில்லை.

"அடுத்தவங்க வரட்டும்" என்றார் கார்தோஷ்.

வரிசையாக வந்தார்கள். சிரித்துக்கொண்டே, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே. முதல் பையன். ஒன்றுமில்லை. குட்டை முடிக்காரி. ஒன்றுமில்லை. அடுத்தவன். அடுத்தவள். கிங்கா.

கடைசியில் கார்தோஷ் குழலை அவள் கையிலிருந்து வாங்கினார். அவள் நெஞ்சில் வைத்தார். குனிந்தார்.

அவர் முகத்திலிருந்த ஏளனம் மெல்லக் கழன்றது.

"இங்க பாருங்க" என்றார், தாழ்ந்த குரலில். "உள்ள என்னமோ ஓடுது."

யாரும் இப்போது சிரிக்கவில்லை. குழல் கைமாறியது. ஒவ்வொருவராகக் காதை வைத்தார்கள். காத்திருக்கப் பொறுக்காதவர்கள் வெறும் காதையே வைத்தார்கள். முதுகில். விலாவில். கழுத்தில். குளிர்ந்த காதுகள். யாரோ அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டார்கள், மிக மென்மையாக.

"அடச்சீ, நிக்கவே மாட்டேங்குது" என்றாள் கிங்கா, முகத்தைச் சுளித்து. "இதோடயா என்கூட ஒரே அறையில இருந்தே?"

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கார்தோஷ் கேட்டார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. குறிப்பெழுதப் பேனாவை எடுத்துவிட்டார். "வேகமாகுது பாருங்க. ஜன்னலைத் திறங்க. குளிர் பட்டா என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

யாரோ திறந்தார்கள். ஜனவரிக் காற்று அறை முழுக்க நிறைந்தது. எமோகேயைச் சுற்றிப் பதினொரு முகங்கள், வாயை லேசாகத் திறந்தபடி, மிக அருகில்.

அந்தக் குளிரில் ஒரே ஒரு வாயிலிருந்துதான் வெண்புகை வந்துகொண்டிருந்தது.