நான்கு நிமிடம் பின்னால்

"காபி குடிச்சீங்களா அண்ணா?" என்று சரிதா கேட்டதற்கு ஜெயவேலு பதில் சொல்லவில்லை. அவள் ஆய்வகத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஸ்பிரிட் வாடை வெளியேறக் காத்திருந்து, மேசையைத் துடைத்து முடித்த பிறகு, யாருமில்லாத வாசலைப் பார்த்து, "ஆச்சு மேடம்" என்றார்.

அந்தக் குரோம்பேட்டைக் கல்லூரியில் அவள் இயற்பியல் ஆசிரியை; அவர் ஆய்வக உதவியாளர். காலம் எங்கும் ஒரே சீராக ஓடுகிறதா என்று பார்க்க, நுட்பமான இரண்டு கடிகாரங்களில் ஒன்றை ஈயப் பெட்டிக்குள் ஒரு மாதம் பூட்டிவைத்திருந்தாள். திறந்தபோது இரண்டும் ஒரே நேரம் காட்டின. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. காலமே தடுமாறியிருந்தால் இரண்டும் சேர்ந்தே தடுமாறியிருக்கும். காலத்துக்கு வெளியே நின்று பார்க்கக் கடிகாரம் ஏது? கருத்தரங்கோ அடுத்த வாரம். நேற்று நோட்டில், பெட்டிக்குள் இருந்தது நான்கு நிமிடம் பின்தங்கியதாக எழுதினாள். சாட்சிக் கையெழுத்து கேட்டபோது ஜெயவேலு படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக்கொடுத்தார்.

"நீங்க எழுதினா கரீட்டாத்தான் இருக்கும் மேடம்."

மதியம் கெட்டிலிலிருந்து கொதிக்கும் தண்ணீர் அவர் கையில் கொட்டியது. அவர் திரும்பவில்லை. தோல் சிவக்கவுமில்லை. மின்விசிறி கிறீச்சிட, தூரத்தில் மின்ரயில் ஒன்று தடதடத்துப் போக, பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக நான்காவது நிமிடம் அவர் அலறினார். ஈரம் காய்ந்துபோயிருந்த கையில் கொப்புளங்கள் எழும்பின.

அவள் நோட்டில் அந்த வரியை அடித்தாள். பக்கத்தையே கிழித்தாள். எதுவும் மாறவில்லை.

மாலை, கல்லூரி வாசலில், ஜி.எஸ்.டி. சாலையோரம் அவர் பக்கத்தில் நின்று சொன்னாள். "அண்ணா, அந்த ரீடிங் பொய். நான்தான் மாத்தி எழுதினேன். உங்ககிட்ட கையெழுத்து வாங்கினது தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் முகம் அசையவில்லை. இன்னும் அவர் காதில் விழவில்லை. அந்த நினைப்பு தந்த நிம்மதி அவளைக் கூசவைத்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹாரன்.

நிமிர்ந்தபோது அவர் நடுச்சாலையில் இருந்தார். அவர் கண்ணில் நான்கு நிமிடத்துக்கு முந்தைய சாலை. காலியான சாலை.

தண்ணீர் லாரி. பிரேக். கருகிய ரப்பர் நாற்றம். லாரி அவர் மேல் மோதி, தாண்டிப் போய் நின்றது. முன்கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஜெயவேலு நடந்துகொண்டிருந்தார். சட்டைகூடக் கசங்கவில்லை.

"பொழச்சிக்கினாரு பா!" யாரோ கத்தினார்கள்.

சாலை நடுவே மீடியன் திட்டில் அவரைப் பிடித்தாள். கை கதகதப்பாக இருந்தது. அவள் பிடித்தது அவருக்குத் தெரியாது. தெரியும்போது அவர் இருக்கமாட்டார்.

வாட்ச். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று.

ஜெயவேலு பக்கவாட்டில் திரும்பினார். அவள் இல்லாத பக்கம். வாசலில் அவள் நின்றிருந்த பக்கம். வெற்றுக் காற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேடம், இதுக்குப் போயி மன்னிப்பு கேட்டுகினு. உங்கள நம்பித்தானே போட்டேன். வுடுங்க."

அவள் பிடியை இறுக்கினாள்.

சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே முதல் பல் உடைந்தது.