தண்ணீர் கேட்டு வந்த வண்டி

அவள் ரிமோட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே பச்சை விளக்கு மினுங்குவதை நிறுத்திவிட்டு நிலைத்து எரிந்தது.

அது அப்படி எரியக் கூடாது. அவள் செய்த குட்டி வண்டியின் வயிற்றிலிருக்கும் சின்ன மின்சுற்றுப் பலகையின் பொத்தானை அமுக்கினால் விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். ரிமோட்டில் பேட்டரி போட்டுப் பக்கத்தில் காட்டிய பிறகுதான், இனி யார் சொன்னபடி ஓடுவது என்று தெரிந்துகொண்டு நிலைக்கும். ரிமோட்டோ மேசையின் அந்தக் கோடியில் பேட்டரி போடாமல் கிடந்தது. மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிப் பழகிய கை அவளுடையது. இந்தப் பலகை கிலகையெல்லாம் புதிது. சமர்த்து வண்டி, காட்டாமலே புரிந்துகொண்டது என்று நினைத்து மூடியைத் திருகினாள்.

ஏணியிலிருந்து விழுந்த நாள் முதல் அவள் கணவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரு வாய் தண்ணீருக்கும் அவளைக் கூப்பிட வேண்டியிருப்பதில் அவன் கூசிப்போவதைப் பார்த்துத்தான் இதைச் செய்யத் தொடங்கினாள். பழைய டிபன் பெட்டி உடம்பு; உடைந்த பொம்மைகளின் சக்கரங்கள்; டம்ளர் ஆடாமல் நிற்க நடுவே ஒரு வளையம்.

பேட்டரி போட்டு ரிமோட்டை அவன் கையில் கொடுத்தாள். அமுக்கினான். வண்டி யோசிப்பதுபோல் சற்று நின்று, பிறகு அறையை ஒரு சுற்றுச் சுற்றியது.

"அடேயப்பா! டிரைவருக்குச் சம்பளம் எவ்வளவும்மா?"

"நீங்க நேரத்துக்கு மாத்திரை போட்டுக்கிட்டா போதும். அதான் சம்பளம்."

வெகுநாள் கழித்து அவன் சிரித்தான். மனதுக்குள் ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு அவள் சமைக்கப் போனாள்.

மழை பிடித்துக்கொண்டு பொழுது சாயும் நேரம். சன்னல் கம்பிகளில் சொட்டும் நீரின் ஓசையும் அடுப்பின் உஸ்ஸென்ற இரைச்சலும் பற்றவைத்த ஈயத்தின் கருகல் வாடையும் கலந்து கிடந்த சமையலறைக்குள், நடைவழியின் மங்கலைத் தாண்டி, சக்கரங்கள் கிறீச்சிட வண்டி வந்து அவள் குதிகாலைத் தொட்டது. டம்ளர் காலி. நிரப்பினாள். போனது. சற்றைக்கெல்லாம் திரும்பி வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி விளையாடுகிறார், விளையாடட்டும் என்று மறுபடியும் நிரப்பினாள். மறுபடியும் வந்தது. இம்முறை டம்ளரின் விளிம்பில் சேறு. கிணற்றின் அடிமண் போல ஒரு குளிர்ந்த வாடை.

கழுவி, நிரப்பி, வண்டியின் பின்னாலேயே நடந்தாள்.

அறையில் விளக்குப் போடவில்லை. பச்சைப் புள்ளி அவன் கை எட்டும் இடத்தைத் தாண்டிக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தது.

"என்னங்க, இவ்வளவு தண்ணியா குடிப்பீங்க?"

"நானா? மத்தியானத்திலேருந்து ஒரு வாய் குடிக்கல." தயங்கினான். "கோவிச்சுக்காத. முதல்ல நான்தான் ஓட்டறேன்னு நினைச்சேன். அப்புறம் எதை அமுக்கினாலும் அது பாட்டுக்குப் போகுது. பேட்டரியக்கூடக் கழட்டிப் பார்த்துட்டேன், இதோ. கண்ணு முழிச்சு செஞ்சியே, மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லல. ஒருவேளை நீதான் அங்கேருந்து ஓட்டறியோன்னு இருந்துட்டேன்."

அவன் மார்பின் மேல் ரிமோட். பக்கத்தில் பேட்டரிகள்.

கட்டிலுக்கு அடியில் யாரோ தண்ணீர் குடித்தார்கள். நிதானமாக. மடக் மடக்கென்று.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓட அவள் உடம்பில் தெம்பில்லை. விட்டுவிட்டு ஓட மனசில்லை.

"ஏம்மா..." அவன் குரல் உடைந்தது. "உன் கை ஏன் இவ்வளவு சில்லுனு இருக்கு?"

"கையா?"

"என் கால்ல. தெரியுதும்மா! எனக்குத் தெரியுது! எடுத்துடாத. நீதானே?"

அவள் அறை வாசலில் நின்றிருந்தாள். இரண்டு கைகளும் கதவு நிலையைப் பற்றியிருந்தன.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தினமும் மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருந்தாள். இருட்டில் அவன் முகம் குழந்தை முகம்போல் மலர்ந்திருந்தது. அதைக் கலைக்க அவளால் முடியவில்லை.

"நான்தாங்க," என்றாள்.

போர்வை அவன் முழங்கால்களைத் தாண்டி மெல்ல மேலே ஏறியது.

கட்டிலடியிலிருந்து வண்டி வெளியே வந்து அவள் காலருகே நின்றது. டம்ளர் காலி. அதைச் சுற்றி ஈர விரல்களின் தடம். பச்சை விளக்கு நிலைத்து எரிந்தது.

காத்திருந்தது.