கேபிள் இருந்த ஆழம்

வந்தவர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். ஒன்று சற்று முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. அதைக் காலாலேயே பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

“போலீஸ் இன்ஸ்பெக்டர் வீடு இதுதானே?”

“இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர். அதுவும் ரிட்டயர்டு. உக்காருங்க,” என்றார் வீட்டுக்காரப் பெண்மணி. எரிந்த கடைகளையும் நசுங்கிய வண்டிகளையும் பார்த்து, யார் சொல்வது நிஜம் என்று முப்பது வருடம் கண்டுபிடித்தவர். ஊர் அவரை இன்ஸ்பெக்டரம்மா என்றே அழைத்தது. திருத்தித் திருத்தி வாய் வலித்ததுதான் மிச்சம். பக்கத்தில் அவருடைய தம்பி. போட்டோ ஸ்டூடியோவை இழுத்து மூடிவிட்டு, அக்காவுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று கேமராவும் கையுமாக அலைகிற நாற்பத்தைந்து வயதுக்காரர்.

வந்தவர் மாநகராட்சியில் வரைபட அறைக் காப்பாளர். தெருவுக்கு அடியில் தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்கேபிள் எல்லாம் எங்கே, எவ்வளவு ஆழத்தில் போகின்றன என்று காட்டும் படங்கள் அவர் பொறுப்பு.

“பழைய தெருவையெல்லாம் புதுப்பிக்கிற திட்டம் நடக்குதுங்க. போன வாரம் மழைத்தண்ணிக் குழாய் பதிக்க எழுபது சென்டிமீட்டர் தோண்டினாங்க. படத்துல கரண்ட் கேபிள் நூறுல இருக்கு. ஆனா அறுபதுலயே மாட்டிக்கிச்சு. தோண்டின ஜேசிபி டிரைவருக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு. அந்த நூறு, என் சம்சாரம் அளந்து எழுதினது. சர்வேயரா இருந்தா. போய் நாலு வருஷம் ஆச்சு. அடுத்த வாரம் விசாரணை. செத்தவ தலையில கட்டிட்டு ஃபைலை மூடிடலாம்னு பாக்கறாங்க. அவ தப்பா அளக்கிறவ இல்லைங்க.”

“வீட்ல வேற யாரு இருக்கா?”

“பிள்ளைங்க இல்ல. நாங்க ரெண்டு பேர்தான்,” என்றவர் திருத்திக்கொண்டார். “நான் மட்டும்தான்.”

மறுநாள் காலை அக்காவும் தம்பியும் அந்தத் தெருவுக்குப் போனார்கள். பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். தம்பி நாலாபக்கமும் நின்று படமெடுத்தார்.

“அக்கா, எவனோ வேணும்னே கேபிளைத் தோண்டி மேல தூக்கி வச்சிருக்கான்!”

“தூக்கி வச்சவன் கையும் வெந்திருக்குமே. ஆஸ்பத்திரில ஒருத்தர்தானே இருக்காரு?”

தம்பி அடுத்த படத்துக்குக் கேமராவைத் திருப்பினார்.

இன்ஸ்பெக்டரம்மா பள்ளத்தை அதிகம் பார்க்கவில்லை. வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு படிகள். மேல் இரண்டும் கருங்கல், நடுவில் தேய்ந்து குழிந்தவை. கீழ் இரண்டும் சிமென்ட், ஓரம்கூட மழுங்காதவை. துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தார்.

“இந்தக் கீழ்ப்படியெல்லாம் எப்பம்மா கட்டினது?”

“ரெண்டு வருஷம் இருக்கும். தெருவுல எல்லாருமே ஒண்ணாத்தான் கட்டினோம்.”

கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து இரண்டு படிகளின் உயரத்தையும் சேர்த்து அளந்தார். நாற்பது சென்டிமீட்டர். டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

வரைபட அறை மாநகராட்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாமல் இருந்தது. எதிரெதிராக இரண்டு மேசைகள். ஒன்றில் யாரும் உட்காருவதில்லை, ஆனால் தூசி துடைத்திருந்தது.

“இங்க யாரும் வரமாட்டாங்க. படம் வேணும்னா போன் பண்ணுவாங்க, லிப்ட்ல வச்சு மேல அனுப்பிடுவேன். சில நாள் சாயங்காலம் வரைக்கும் வாயே திறந்திருக்க மாட்டேன்,” என்றார் காப்பாளர்.

இன்ஸ்பெக்டரம்மா இருபது படங்களையாவது விரித்துப் பார்த்தார். மற்ற சர்வேயர்களின் படங்களில் பழைய எண்கள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, பக்கத்தில் புதியவை இருந்தன. காப்பாளருடைய மனைவியின் படங்களில் ஒரு கீறல் இல்லை.

“அவ வேலை அவ்வளவு சுத்தம்,” என்றார் காப்பாளர் பெருமையாக.

“அவங்க அளந்தது சரிதான்,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “நூறுதான் இருந்திருக்கு. ரோடு மேல ரோடு போட்டு உசந்துபோய், வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி ரோட்டை நாப்பது சென்டிமீட்டர் சுரண்டி இறக்கியிருக்காங்க. வாசல் எட்டாம, எல்லாரும் ரெண்டு படி சேத்துக் கட்டினாங்க. கேபிள் இருந்த இடத்துலயேதான் இருக்கு. மேல இருந்த மண்ணுதான் போச்சு. நூறுல நாப்பது போனா அறுபது. அவங்க அப்ப உயிரோடயே இல்ல.”

காப்பாளரின் கண் கலங்கிவிட்டது. “சொன்னேன்ல? அவ தப்பு பண்ணமாட்டா!”

“கேஸ் முடிஞ்சுது!” என்று தம்பி கையைத் தட்டினார்.

“முடியல,” என்றார் அக்கா. “ரோட்டை இறக்கினா, படத்துல இருக்கிற ஆழத்தை யாரு திருத்தணும்?”

காப்பாளர் விரித்திருந்த படங்களில் ஒன்றைச் சுருட்டத் தொடங்கினார்.

“ரோட்டுப் பிரிவுலேருந்து மட்டச் சீட்டு வரும். எவ்வளவு இறக்கினாங்கன்னு அதுல இருக்கும். அதைப் பாத்து... நான்தான் திருத்தணும்.”

“வந்துச்சா?”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். தேதிவாரியாக அடுக்கி, கிளிப் போட்டு, பதினொரு சீட்டுகள்.

“மத்தவங்க படத்துல அன்னைக்கே திருத்திடுவேன். இவ எழுத்து மேல கோடு போட மட்டும் கை வரலைங்க. நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு வச்சிட்டேன். வீட்ல அவ எழுதினதுன்னு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இருக்கிறதெல்லாம் இங்கதான்.”

“டிரைவருக்கு அப்படி ஆனதும் இது தோணலையா?”

“தோணிச்சு. நீங்க வேற ஏதாவது காரணம் கண்டுபிடிச்சுச் சொல்லிடுவீங்கன்னுதான் வந்தேன்.”

இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. வெந்துபோன இரண்டு கைகள் அவர் மனதை விட்டுப் போகவில்லை. இந்த மனிதரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கேட்டார்.

“இந்தப் பதினொண்ணுல அடுத்து எங்க தோண்டப் போறாங்க?”

அவர் விரல் சீட்டுகளின் மேல் நகர்ந்து நின்றது.

“பள்ளிக்கூடத் தெரு. நாளைக்குக் காலைல.”

யாரும் சொல்லாமல் அவரே போனை எடுத்தார்.

“வரைபட அறையிலேருந்து பேசறேன். நாளைக்குத் தோண்ட வேண்டாம், நிறுத்துங்க. படம் தப்பா இருக்கு... இல்லைங்க, சர்வேயர் தப்பு இல்ல. திருத்த வேண்டியவன் நான். திருத்தலை. ஆமா, விசாரணையிலயும் இதையே சொல்லுவேன்.”

போனை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத் தெருவின் படத்தை மேசைமேல் விரித்தார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். மனைவியின் எழுத்துக்கு மேலே கை அப்படியே நின்றுவிட்டது.

“பதினொரு படம் இருக்குங்க,” என்றார் தலை நிமிராமல். “முடியிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இங்க இருப்பீங்களா?”