தப்புப் பந்து விழும் இடம்

கோல்ஃப் போட்டி பார்க்க டிக்கெட்டுக்கு எழுதிப் போட்டவர் சித்தப்பா. ஏழு வருடமாக விடாமல் எழுதிப் போட்டார். ஏழு வருடமும் "வருந்துகிறோம்" என்றுதான் பதில் வந்தது. எட்டாவது வருடம் குலுக்கலில் நான்கு டிக்கெட் கிடைத்தது. அதுவும் என்ன போட்டி என்கிறீர்கள்? உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் வந்து மோதுகிற சாம்பியன்ஷிப். அதிலும் கடைசி நாள், கோப்பை யாருக்கு என்று முடிவாகும் ஞாயிற்றுக்கிழமை.

டிக்கெட் வந்த நான்காம் நாள் சித்தப்பா காலை உடைத்துக்கொண்டார்.

சித்தப்பா வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர். நான்கு மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் விழுந்தது ஏணியின் இரண்டாவது படியிலிருந்து. வாண்டுவின் அறைக் கூரைக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது, இறங்கிவிட்டோம் என்று நினைத்துக் காலை வைத்தார். அங்கே தரை இல்லை.

வாண்டு அவருடைய அண்ணன் மகள், பத்து வயது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருக்கிறது, வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கூரை நீலமாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள்தான். அதனால் சித்தப்பாவின் மாவுக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆறு வாரம் போயிற்று. நான்கு நாள் போட்டி வியாழக்கிழமை தொடங்குகிறது, அதற்கு ஒரு நாள் இருந்தது. சித்தப்பா இப்போது இரண்டு ஊன்றுகோல்களை வைத்துக்கொண்டு நடந்தார். கட்டு இன்னும் பிரித்தபாடில்லை.

அன்று மாலை அப்பா சாப்பாட்டு மேசையில் பெரிய தாள் ஒன்றை விரித்தார். அப்பாவுக்கு ரயில் நிலையத்தில் கால அட்டவணை போடுகிற வேலை. கடைக்குப் போய் சோப்பு வாங்கவும் அட்டவணை போடுகிற ஆள் அவர்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஏழு அஞ்சுக்குக் கிளம்பறோம். எட்டரைக்கு வாசல். கொக்கு ஆட வந்ததும் முதல் குழியிலேர்ந்து பதினெட்டாவது குழி வரைக்கும் அவரு பின்னாடியே போறோம். மொத்தம் ஏழு கிலோமீட்டர். அவரு அடிக்கிற ஒரு ஷாட்டக்கூட விடப்போறதில்ல."

கொக்கு என்றால் பறவை இல்லை. சித்தப்பாவுக்கு உயிரான ஆட்டக்காரர். ஆள் ஒல்லி, நெட்டை. பந்தை அடித்ததும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பந்து போகிற திசையையே பார்த்தபடி நிற்பார். சித்தப்பா வைத்த பெயர்தான் அது.

ஏழு கிலோமீட்டர் என்றதும் எல்லாருடைய கண்ணும் மேசைக்கு அடியில் நீட்டியிருந்த மாவுக்கட்டுக்குப் போனது.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க அண்ணா" என்றார் சித்தப்பா. "எனக்கு டிவி இருக்கு. டிவியில இன்னும் நல்லாவே தெரியும். என் டிக்கெட்ட உங்க ஆபீசருக்குக் குடுத்துடுங்க, பாவம், அவரும் ஆசைப்பட்டாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். சித்தப்பா தட்டில் மிச்சம் வைத்து வாண்டு பார்த்ததே இல்லை. அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அந்த டிக்கெட்ட யாருக்கும் குடுக்காதீங்க."

"ஏம்மா?"

"நான் ஒரு பிளான் போடறேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது வருஷமா பிளான் போட்டுச் சம்பளம் வாங்கறவன் நான். என்கிட்டயேவா?"

"குடுக்காதீங்கன்னு சொல்றா இல்ல, விடுங்களேன்" என்றார் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டிக்கெட்டோடு மைதானத்தின் வரைபடமும் வந்திருந்தது. வியாழக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் வாண்டு அதைச் சித்தப்பாவின் மடியில் வைத்தாள். கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்தாள்.

"சித்தப்பா, நீங்க எப்படியும் டிவிதான் பாக்கப்போறீங்க. ஒரு பந்து தப்பான இடத்துல விழுந்தா, எங்க விழுந்துச்சோ அங்க ஒரு புள்ளி வைங்க."

"நல்லா அடிச்சதுக்குப் புள்ளி வேணாமா?"

"வேணாம். தப்பா போனது மட்டும்."

"என்ன புள்ள நீ, ஊரே கைதட்டறத விட்டுட்டு" என்று முணுமுணுத்தார். ஆனால் வேலை என்று கொடுத்தால் சித்தப்பா கச்சிதமாகச் செய்வார். பிற்பகலில் ஒளிபரப்பு தொடங்கியதிலிருந்து முடியும் வரை டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே.

வாண்டுவுக்கு இன்னொரு வேலை இருந்தது. சித்தப்பாவுக்குக் காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் அக்காவை வாசலிலேயே மடக்கினாள்.

"அக்கா, சித்தப்பா எவ்ளோ தூரம் நடக்கலாம்?"

"ஒரு தடவைக்கு முந்நூத்தம்பது அடி எடுத்து வைக்கலாம். அப்புறம் உக்காந்து பத்து நிமிஷம் ஓய்வு. அந்த மாதிரி மூணு தடவை தாங்குவாரு. ஏன், எங்கயாச்சும் தப்பிச்சு ஓடப்போறாரா?"

"கிட்டத்தட்ட" என்றாள் வாண்டு.

சித்தப்பா கூடத்தில் நடக்கும்போது அவள் பின்னாலேயே அளவு நாடாவோடு போனாள். அவர் பத்து அடி எடுத்து வைத்தால் ஐந்து மீட்டர். வரைபடத்தில் நூலை வைத்து அளந்தாள், கணக்குப் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் இருவரும் சேர்ந்து புள்ளி வைத்தார்கள். வரைபடம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு. ஓர் இடத்தில் மட்டும் அம்மை போட்டதுபோல் அப்பிக் கிடந்தது. பதினைந்தாவது குழிக்கு இடது பக்கம், ஒரு சிறிய மேடு.

"முப்பத்தோரு புள்ளி. ஏன் சித்தப்பா எல்லாம் இங்கயே விழுது?"

"வலது பக்கம் பாரு, குளம். தண்ணியில விழுந்துடக் கூடாதுன்னு பயந்து எல்லாரும் கொஞ்சம் இடது பக்கமா அடிக்கறாங்க. குளத்துப் பக்கத்துலேர்ந்து வர்ற காத்து இன்னும் தள்ளி விட்டுடுது."

வாண்டு பேனாவை எடுத்து அந்த மேட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "நாளைக்கு நீங்க உக்காரப்போற இடம் இதுதான்."

சித்தப்பா அவளையே பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

மாலையில் அப்பா முன்னால் வரைபடம் விரிந்தது.

"கொக்கு பின்னாடி நாம ஏன் போகணும்பா? நாம ஒரு எடத்துல உக்காந்தா எல்லாரும் நம்ம முன்னாடிதானே வந்தாகணும். மூணாவது வாசல்லேர்ந்து இந்த மேடு ஐந்நூறு மீட்டர். சித்தப்பாவுக்கு ஆயிரம் அடி. நடுவுல குடிதண்ணிக் குழாய்கிட்ட ஒரு ஓய்வு, முதலுதவிக் கூடாரத்துகிட்ட ஒரு ஓய்வு. மடக்கு நாற்காலி கொண்டு போகலாம்னு டிக்கெட் பின்னாடியே போட்டிருக்கு."

அப்பா கணக்கைச் சரிபார்த்தார். பிழை இல்லை. அது அவருக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

"அதெல்லாம் சரி. இவ்ளோ பெரிய போட்டிக்குப் போயி, தப்பு ஷாட்டப் பாக்கவா போறோம்?"

"நல்ல ஷாட்ட டிவியில நூறு தடவை காட்டுவாங்கப்பா. தப்பா போன பந்த எப்படி எடுக்கறாங்கன்னு பக்கத்துல நின்னு பாக்கணும்."

அப்பா தாடையைச் சொறிந்தார். "ஆயிரம் அடி நடந்து காட்டட்டும். அப்புறம் பேசலாம்."

உடனே எல்லாரும் தெருவில் இறங்கினார்கள். வாண்டு எண்ண, சித்தப்பா நடந்தார். முந்நூறு அடியில் தையல் கடை வந்தது. வாண்டு நாற்காலியை விரித்தாள். அறுநூற்று ஐம்பதில் முடிதிருத்துகிறவர் கடை. அவர் பாதி சவரத்தில் இருந்த வாடிக்கையாளரை விட்டுவிட்டு வெளியே வந்து, தானே ஒரு நாற்காலி போட்டார். தொள்ளாயிரத்தில் சித்தப்பாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. தெருவே நின்று பார்த்தது.

"ஆயிரம்" என்றாள் வாண்டு.

"இன்னும் ரெண்டு அடி போடட்டுமா?" என்றார் சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டே.

அப்பா கைபேசியை எடுத்தார். "சார், அந்த டிக்கெட் விஷயம்… மன்னிச்சுக்கோங்க, என் தம்பியே வரான்."

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வாசல் வழியாக நுழைந்தார்கள். நடந்து, ஓய்வெடுத்து, நடந்து, ஓய்வெடுத்து மேட்டை அடைந்தார்கள். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவும் வாண்டுவும் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்கள். அப்பா மட்டும் தன் அட்டவணையை விடுவதாக இல்லை. "நான் கொக்கு பின்னாடி போறேன். பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

ஆட்டக்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஆடி வந்தார்கள். முதல் ஜோடி வந்தது. இரண்டு பந்தும் குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் அழகாகப் போய் நின்றன. அடுத்த ஜோடியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. மேட்டுப் பக்கம் ஒரு பந்துகூட எட்டிப் பார்க்கவில்லை.

"இவ்ளோ பெரிய புல்வெளியில இத்துனூண்டு குழி. கொஞ்சம் பெருசாத் தோண்டியிருந்தா எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்" என்றார் அம்மா கொட்டாவி விட்டபடி.

"பரவாயில்ல வாண்டு. இங்க உக்காந்திருக்கறதே எனக்குப் போதும்" என்றார் சித்தப்பா.

அவர் அப்படிச் சொன்னதுதான் வாண்டுவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எங்கே தப்புச் செய்தோம் என்று புரியவில்லை. வரைபடத்தைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். கொடி துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. குளத்தில் ஓர் அலை இல்லை.

"சித்தப்பா, டிவியில எத்தன மணிக்குக் காட்ட ஆரம்பிச்சாங்க?"

"மத்தியானம்தான்."

"அப்போ நம்ம புள்ளியெல்லாம் மத்தியானப் புள்ளி. இப்போ காத்தே இல்ல. காத்து வரட்டும், பந்தும் வரும்."

ஒரு மணிக்குக் குளத்தில் சிலுசிலுவென்று நெளிவு தெரிந்தது. ஒன்றே காலுக்குக் கொடி படபடத்தது. ஒன்றரைக்கு முதல் பந்து வந்து மேட்டில் பொத்தென்று விழுந்தது. அதன் பிறகு கேட்க வேண்டுமா? ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவராவது தலையில் அடித்துக்கொண்டு மேட்டுக்கு வந்தார். அவர்கள் தமக்குள் முணுமுணுப்பதுகூடச் சித்தப்பாவுக்குக் கேட்டது. அம்மா கொட்டாவியை மறந்துவிட்டார்.

நான்கு மணி இருக்கும். கடைசிக்கு முந்திய ஜோடி. தூரத்தில் ஒருவர் பந்தை அடித்துவிட்டு ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத்தான் கோப்பை; முதலிடத்தில் இருந்தவரைவிட ஒரே ஒரு அடி பின்தங்கியிருந்தார் அவர்.

பந்து வானத்தில் வளைந்தது, இடது பக்கம் இன்னும் வளைந்தது. மேட்டில் விழுந்து, இரண்டு முறை எம்பி, உருண்டு வந்து சித்தப்பாவின் நாற்காலிக்கு அடியில் நின்றது.

"யாரும் பந்தத் தொடாதீங்க" என்று ஓடிவந்தார் 'அமைதி' என்று எழுதிய பலகையைப் பிடித்திருந்த ஊழியர். எல்லாரும் விலகினார்கள். சித்தப்பாவால் சட்டென்று விலக முடியவில்லை. வலது ஊன்றுகோல் பந்துக்கு இரண்டு விரல் தள்ளி ஊன்றியிருந்தது.

வாண்டு புல்லில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். "வலது கட்டைய அசைக்காதீங்க சித்தப்பா. இடதுல எழுந்திருங்க. அம்மா, அந்தத் தோளப் பிடிச்சுக்கோங்க. இப்போ வலத நேரா மேல தூக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அவ்ளோதான்."

நெடுநெடுவென்று ஒரு நிழல் விழுந்தது. கொக்கு வந்து நின்றிருந்தார்.

"மெதுவா வாங்க சார், ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார்.

அம்மா நாற்காலியை மெல்ல எடுத்தார். பந்து அசையவே இல்லை. கொக்கு வாண்டுவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் குச்சியைப் பிடித்தார். சித்தப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் மூன்று அடி தூரம்கூட இல்லை. அவர் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. சித்தப்பா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

டொக்.

பந்து மேட்டைத் தாண்டிக் குதித்தது. சரிவில் உருண்டது. குளத்தைப் பார்த்துப் போவதுபோல் போய், மனசு மாறித் திரும்பி, கொடியை நோக்கி நிதானமாக நடந்து, குழிக்குள் விழுந்தது.

மைதானமே அதிர்ந்தது. வாண்டு குதித்தாள். அம்மா, கோல்ஃபில் என்ன நடந்தால் கைதட்ட வேண்டும் என்றே தெரியாத அம்மா, விசில் அடித்தார். சித்தப்பாவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருந்ததால் துடைக்கக் கை இல்லை. வாண்டுதான் துடைத்துவிட்டாள்.

"பாத்தியா வாண்டு? ஒரே அடி. முதல்ல இருக்கறவருக்குச் சமமாயிட்டாரு. நான் பக்கத்துல நின்னேன். என் பக்கத்துல நின்னு அடிச்சாரு."

"பாத்தேன் சித்தப்பா, பாத்தேன்."

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் வந்தார். முகம் சிவந்து, சட்டை நனைந்து, ஒரு செருப்பு வார் அறுந்து. அப்பா.

"என்ன ஆச்சு? உள்ள போயிடுச்சா? முதல் குழியிலேர்ந்து பின்னாடியே நடக்கறேன், ஆளுங்க முதுகத் தவிர ஒண்ணும் தெரியல. சத்தம் மட்டும்தான் கேக்குது."

"கடைசி ஜோடி இன்னும் வரலப்பா" என்று வாண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். "இங்க உக்காருங்க. தலைய மட்டும் கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும்."

அப்பா, மறுபடி விரித்துப் போட்டிருந்த தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, தலையை நன்றாகக் குனிந்துகொண்டார்.